ஆறாத புண்

வீட்டில் ஒருவருக்கு ரண சிகிச்சை என்றால், அது நடந்து முடியும் வரையில்தான் எல்லோருக்கும் பயம். டாக்டர் வெளியே வந்து, "நல்லபடியாக முடிந்தது" என்று ஒரு வார்த்தை சொன்னதும் அந்தப் பயம் பறந்துவிடுகிறது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் காத்திருந்த பந்துக்கள் காபி சாப்பிடக் கிளம்புகிறார்கள். தையல் போட்டாகிவிட்டது, இனி என்ன? ஆனால் உண்மையில் அந்த நிமிஷத்தில்தான் பெரிய வேலை ஒன்று ஆரம்பமாகிறது. வெட்டுவதும் தைப்பதும் வைத்தியருடைய தொழில். ஆற்றுவது நோயாளியின் உடம்பினுடைய தொழில். உடம்பு தன் காரியத்தைச் செய்து முடிக்கும் வரையில் இரண்டு விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு மேல் தையல் ஒன்றும் செய்வதில்லை.

தைத்த புண்களில் பெரும்பாலானவை சொன்ன நாளில் ஆறிவிடுகின்றன. சில ஆறுவதில்லை. ஏழாம் நாளோ எட்டாம் நாளோ கட்டில் ஈரம் தெரிகிறது; அவிழ்த்துப் பார்த்தால் தையல் விட்டுப் புண் வாய் திறந்திருக்கிறது. வேறு சிலருக்கு வாய் மூடியது போலத் தோன்றி, ஓரிடத்தில் மட்டும் மாதக் கணக்காகக் கசிந்துகொண்டே இருக்கிறது. இப்படி நேர்ந்துவிட்ட வீடுகளில் இரண்டு கேள்விகள் கிளம்புவதை நாம் பல முறை கேட்டிருக்கிறோம். "இது யார் செய்த தப்பு?" என்பது ஒன்று. "ஏன் உடனே திரும்பத் தைக்கவில்லை?" என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, "இந்தப் புண் ஏன் ஆறவில்லை?" என்ற மூன்றாவது கேள்வியைக் கேட்பதே நோயாளிக்கு நன்மை செய்யும். இவ்வாரம் அதைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம்.

உடம்பு புண்ணை ஆற்றும் விதத்தைக் கட்டட வேலைக்கு ஒப்பிடலாம். முதல் மூன்று நான்கு நாட்கள் இடிந்த இடத்தைச் சுத்தம் செய்வதில் போகின்றன. இரத்தம் உறைந்து வாயை அடைக்கிறது. வெள்ளை அணுக்கள் வந்து கிருமிகளையும் செத்த தசையையும் அகற்றுகின்றன. அந்த நாட்களில் புண்ணைச் சுற்றிச் சற்றுச் சிவந்து, வீங்கி, வலிப்பது இயல்பே. பிறகு கொத்தர்கள் வருகிறார்கள். புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. கொலாஜன் என்னும் நார்ப்பொருள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னப்படுகிறது. இது சில வாரங்கள் நடக்கும். அதன் பின்னும் வேலை ஓய்வதில்லை. பின்னிய நாரைப் பிரித்து, முன்னிலும் உறுதியாகப் பின்னும் காரியம் ஒரு வருஷமும் அதற்கு மேலும் நடைபெறுகிறது.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். தையல் பிரிக்கும் நாளில் புண் ஆறிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்த முதல் வார முடிவில் அவ்விடத்துக்கு இருக்கும் வலிமை, வெட்டுப்படாத தோலின் வலிமையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். மூன்று மாதத்தில் அது ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்காக உயர்கிறது. முழு வலிமை ஒருநாளும் திரும்புவதில்லை. ஆகையால்தான் வயிற்றில் சிகிச்சை செய்துகொண்டவர்கள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் கூடாது, இருமும்போது தலையணையை வயிற்றின் மேல் அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், மலச்சிக்கலுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்றெல்லாம் டாக்டர்கள் சொல்கிறார்கள். மேலே தோல் ஒட்டிக்கொண்டு, அடியிலே தசைச் சுவர் விட்டுப்போனால், பிற்காலத்தில் அந்த இடத்தில் குடல் பிதுங்கிக் குடலிறக்கம் உண்டாகும்.

இனி, தையல் பிரிவதன் காரணங்களைப் பார்ப்போம். முதற் காரணம் கிருமி. உள்ளே இரத்தமோ நீரோ கட்டிக்கொண்டு விளிம்புகளை விலக்குவது மற்றொன்று. கட்டுக்கடங்காத சர்க்கரை வியாதி, இரத்தச் சோகை, அதிகப் பருமன், நீடித்த இருமல், பல நாளாக ஸ்டீராய்டு மருந்து உட்கொள்ளுதல் ஆகியவையும் உண்டு. புகை பிடிப்பவர்களை இங்கே தனியாக எச்சரிக்க வேண்டும். புகையிலையின் நஞ்சு சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. புகையோ இரத்தத்திலுள்ள பிராணவாயுவைக் குறைக்கிறது. பிராணவாயு போகாத இடத்தில் புண் எப்படி ஆறும்? சிகிச்சைக்கு நாலு வாரம் முன்பே புகையை விட்டவர்களுக்குப் புண் தொல்லைகள் குறைகின்றன. தைத்தவர் கையிலும் சில சமயம் குறை இருக்கலாம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வழக்கை விசாரிக்க வேறு நாள் இருக்கிறது. புண்ணின் காரணத்தை விசாரிக்க இன்று ஒரு நாள்தான் இருக்கிறது.

நம்முடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவரின் மனைவிக்கு வயிற்றைக் கீறிப் பிரசவம் ஆயிற்று. எட்டாம் நாள் காலையில் கட்டு நனைந்திருந்தது. வீட்டில் விசாரணை தொடங்கிவிட்டது. "தொட்டிலிலிருந்து குழந்தையைக் குனிந்து எடுத்தாளே, அதனால்தான்" என்றார் மாமியார். "ஆஸ்பத்திரிக்காரர்கள் சரியாகத் தைக்கவில்லை" என்றார் தாயார். நடுவில் அந்தப் பெண், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, தான் ஏதோ குற்றம் செய்துவிட்டவள் போல அழுதுகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு தையலை எடுத்து வாயை அகலத் திறந்து, சீழை வெளியேற்றி, உப்பு நீரால் கழுவி, ஈரத் துணியை மெதுவாக உள்ளே வைத்துக் கட்டி அனுப்பினார். நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. "பிரிந்ததைத் தைப்பதை விட்டு, இருக்கிற தையலையும் பிரித்துவிட்டீர்களே, டாக்டர்?" என்று கேட்டார்.

"திருடன் உள்ளே இருக்கும்போது வாசற் கதவைச் சாத்தி என்ன பிரயோசனம், ஸார்? முதலில் அவன் வெளியே போகட்டும்" என்றார் அந்த அம்மாள்.

இந்தப் பாடம் மிகுந்த விலை கொடுத்து உலகம் கற்ற பாடமாகும். 1914-ல் மூண்ட முதல் உலக மகாயுத்தத்தில், எரு போட்ட வயல்களிடையே காயமுற்ற சிப்பாய்களின் புண்களை ஆரம்பத்தில் உடனுக்குடன் தைத்து மூடினார்கள். உள்ளே அகப்பட்ட மண்ணும் கிருமியும் தசையை அழுக வைத்தன. பிராணவாயு இல்லாத இடத்திலேயே செழித்து வளரும் கிருமிகள் அவை. எத்தனையோ பேர் கால்களை இழந்தனர்; உயிரையும் இழந்தனர். அதன் பின்னரே செத்த தசையை வெட்டி எறிந்துவிட்டுப் புண்ணைத் திறந்தபடி விடுவது என்ற வழக்கத்தை ராணுவ சர்ஜன்கள் கைக்கொண்டார்கள். பிரான்ஸில் அலெக்ஸிஸ் காரெல் என்னும் சர்ஜனும் ஹென்றி டேகின் என்னும் ரசாயன நிபுணரும் சேர்ந்து, திறந்த புண்ணைக் குளோரின் கரைசலால் அடிக்கடி கழுவும் முறையை வகுத்தார்கள். கிருமி குறைந்த பிறகுதான் தையல். இன்றும் முறை அதுவே. சில நாள் பொறுத்துச் சுத்தமான பின் தைப்பது ஒரு வழி. தைக்காமலே அடியிலிருந்து மேலாக ஆற விடுவது மற்றொரு வழி. இந்த இரண்டாம் வழியில், ஆறும் புண்ணின் அடியில் மாதுளை முத்தைப் போலச் சிவந்த குருணை குருணையான புதுத் தசை எழும்பி வரும். தொட்டால் இலேசாக இரத்தம் கசியும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். உடம்பின் கொத்தர்கள் வேலை செய்கிறார்கள் என்பதற்கு அதுவே அடையாளம்.

நிற்க. அதே டாக்டரம்மாள் புண்ணைக் கட்டி முடித்ததும் அந்தப் பெண்ணிடம், "என்னம்மா சாப்பிடுகிறாய்?" என்று கேட்டார். பூண்டு ரசம், குழைந்த சாதம், சுட்ட அப்பளம் என்று பதில் வந்தது. பருப்பு போட்டால் சீழ் பிடிக்குமாம், தயிர் சேர்த்தால் சளி பிடிக்குமாம், கத்தரிக்காய் கரப்பானாம், பழம் குளிர்ச்சியாம், தண்ணீர் கூட அளந்துதானாம்! பிரசவித்தவளுக்குப் பத்து நாள் இந்த ஆகாரம். உள்ளே ஒரு சுவரைக் கட்டச் சொல்லி, செங்கல்லும் சுண்ணாம்பும் தரமாட்டோம் என்றால் கொத்தர் என்ன செய்வார்?

புண்ணுக்கும் சோற்றுக்கும் உள்ள சம்பந்தத்தைக் காட்ட இரண்டு உண்மைச் சம்பவங்களைச் சொல்கிறோம். 1740-ல் ஆன்ஸன் என்னும் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் உலகைச் சுற்றிவரக் கப்பல்களுடன் புறப்பட்டார். பச்சைக் காய்கறியும் பழமும் இல்லாமையால் மாலுமிகளை ஸ்கர்வி நோய் பீடித்தது. அவருடைய கப்பலில் ஒரு கிழச் சிப்பாய் இருந்தார். 1690-ல் அயர்லாந்தில் நடந்த பாய்ன் யுத்தத்தில் காயம் பட்டவர் அவர். காயம் ஆறி ஐம்பது வருஷம் ஆகியிருந்தது. அந்தத் தழும்புகள், ஒருநாளும் ஆறாதவை போலத் திரும்பத் திறந்துகொண்டன. அவருக்கு முன்னொரு காலத்தில் முறிந்து கூடியிருந்த எலும்பும் விட்டுப்போயிற்று. கப்பலில் சென்ற பாதிரியார் ரிச்சர்ட் வால்டர் 1748-ல் வெளியான யாத்திரைப் புத்தகத்தில் இதைப் பதிவு செய்திருக்கிறார். தழும்பு என்பது கல்லில் செதுக்கிய கோடு அன்று. உடம்பு நாள்தோறும் பழைய நாரைக் களைந்து புது நாரை வைத்துக் காப்பாற்றி வரும் இடம். புது நார் வருவது நின்றால் ஐம்பது வருஷத்துப் புண்ணும் வாய் திறக்கும்.

இரண்டாவது சம்பவம் 1940-ல் பிரசுரமானது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து இளம் சர்ஜன் ஜான் கிராண்டன், விட்டமின் 'ஸி' அறவே இல்லாத உணவை ஆறு மாதம் தாமே உண்டு பார்த்தார். மூன்றாவது மாதத்தில் அவர் முதுகில் சோதனைக்காகச் செய்த கீறல் ஒழுங்காக ஆறிற்று. ஆறாவது மாதத்தில் மறுபடியும் ஒரு கீறல் செய்தார்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தபோது மேல்தோல் மாத்திரம் ஒட்டியிருந்தது. அடியில் சேரவே இல்லை! அந்த விட்டமினைக் கொடுத்தார்கள். அடுத்த பத்து நாளில் உள்ளும் ஆறிவிட்டது. கொலாஜன் நாரை முறுக்கி உறுதியாக்குவதற்கு விட்டமின் 'ஸி' இன்றியமையாதது. அந்த நாரே புரதச் சத்தினால் ஆனது. நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை, சாத்துக்குடி இவற்றில் முன்னது இருக்கிறது. பருப்பு, பயறு, பால், தயிர், நிலக்கடலை இவற்றில் பின்னது இருக்கிறது. உண்பவர்களுக்கு முட்டையும் மீனும் உண்டு. மாத்திரையை அள்ளி விழுங்கினால் இன்னும் சீக்கிரம் ஆறும் என்பதும் தவறு. குறை இல்லாதவருக்கு மிகுதியால் லாபமில்லை. சிறுநீரக வியாதியோ சர்க்கரை வியாதியோ உள்ளவர்கள் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"நம் பெரியவர்கள் சொன்ன பத்தியத்தைப் பழிக்கலாமா?" என்று சிலர் கேட்கக் கூடும். நம் நாட்டு ரண சிகிச்சையின் மூல நூலாகிய சுசுருத சம்ஹிதையில், புண்பட்டவனைப் பராமரிக்கும் விதத்துக்கென்றே தனி அத்தியாயம் ஒன்று உண்டு. அதிலும் விலக்குகள் இருக்கின்றன. ஆனால் பழைய அரிசிச் சோறு, நெய், பயறு ரசம், கீரை, மாதுளை, நெல்லிக்காய் இவையெல்லாம் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. காட்டு விலங்கின் இறைச்சியும் சொல்லியிருக்கிறது. நாம் ஒதுக்கும் கத்தரிக்காய் கூட அந்தப் பட்டியலில் இருக்கிறது! "லங்கணம் பரம ஔஷதம்" என்ற வசனத்தைப் புண்பட்டவர் இலையில் பரிமாறுவது பெரியவர்களுக்கு மரியாதை ஆகாது.

வீட்டில் செய்ய வேண்டியவற்றையும் செய்யத் தகாதவற்றையும் சுருக்கமாகக் கூறுகிறோம். புண்ணைத் தொடுமுன் சோப்பினால் கை கழுவுவது முதற் கடமை. தொட்ட பின்னும் கழுவ வேண்டும். மஞ்சள் பொடி, காபித் தூள், தேங்காய் எண்ணெய், சாம்பல் ஒன்றும் புண்ணில் போடலாகாது. மஞ்சளின் குணத்தைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அஞ்சறைப் பெட்டியிலுள்ள பொடி கிருமி நீங்கிய பொருளன்று. மருந்துக் கடைப் பொடிகளையும் நாமாகத் தூவக் கூடாது. புண்ணைக் காய வைத்தால்தான் ஆறும் என்பதும் பழைய நம்பிக்கை. 1962-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிகளின் தோலில் ஆராய்ந்து, ஈரம் காத்து மூடிய புண்ணின் மேல்தோல், காய விட்ட புண்ணைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் வளர்வதைக் கண்டார். ஆனால் ஈரம் என்பது ஊறிச் சொதசொதப்பது அன்று. எந்தக் கட்டு, எத்தனை நாளைக்கு ஒரு முறை என்பதைப் புண்ணைப் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். பெரிய புண்களுக்குக் கசிவை உறிஞ்சி எடுக்கும் பொறியும் இப்போது ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது.

காலதாமதமின்றி டாக்டரிடம் போக வேண்டிய அறிகுறிகள் இவை: நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி ஏறுதல், சிவப்பு பரவுதல், நாற்றமுள்ள கசிவு, குளிர் ஜுரம். வயிற்றுத் தையலில், முதல் இரண்டு வாரத்துக்குள், இளஞ்சிவப்பு நீர் திடீரென்று ஏராளமாகக் கசிந்து, "ஏதோ விட்டாற்போல் இருக்கிறது" என்று நோயாளி சொன்னால், அந்தச் சொல்லை அலட்சியம் செய்யலாகாது. உள்சுவர் பிரிவதன் முன்னறிவிப்பாக அது இருக்கக் கூடும். குடல் வெளியே தெரிந்துவிட்டால் அதை உள்ளே தள்ள முயலவே கூடாது. நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்கால்களைச் சற்று மடக்கி, சுத்தமான ஈரத் துணியால் மூடி, வாய்வழி ஒன்றும் கொடுக்காமல், அக்கணமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

மாதக் கணக்கில் ஆறாத புண்ணுக்கு வேறு விசாரணை தேவை. உள்ளே தங்கிய நூல் ஒன்றே கசிவுக்குக் காரணமாக இருக்கலாம். அதை எடுத்ததும் புண் மூடிவிடும். சிறு துளையிட்டுக் குழாய் வழியே செய்யும் சிகிச்சைக்குப் பிறகு, சில வாரம் கழித்து, ஆறிய துளை மறுபடி முடிச்சிட்டுக் கசிவதும் உண்டு. க்ஷயரோகக் கிருமியின் தாயாதிகளான சில கிருமிகள், சரியாகச் சுத்தி செய்யாத கருவிகளாலும் தண்ணீராலும் புகுந்து இதைச் செய்கின்றன. சாதாரணக் கிருமி மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுத்தால் இவை அசைவதில்லை. கசிவையும் தசையையும் சோதித்து, தக்க மருந்தை மாதக் கணக்கில் உட்கொள்ள வேண்டும். வருஷக் கணக்கில் ஆறாத புண்ணில் அபூர்வமாகப் புற்று தோன்றுவதும் உண்டு. ஆகையால் தசைச் சோதனை வேண்டும் என்று டாக்டர் சொன்னால் தட்டிக் கழிக்கலாகாது. இதுவரை சர்க்கரை வியாதி இருப்பதே தெரியாமலிருந்து, ஆறாத புண்ணினால் அது வெளிப்பட்டவர்களும் உண்டு.

நண்பரின் மனைவிக்குத் திறந்த புண் அடியிலிருந்து எழும்பி மூட ஆறு வாரம் ஆயிற்று. மாமியாரே தினமும் பாசிப்பயறு வேக வைத்துக் கொடுத்தார். தாயார் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குத் துணை போனார். வழக்கு அதோடு தள்ளுபடி ஆகிவிட்டது. எல்லா வீட்டிலும் அவ்வளவு சுலபமாக ஆவதில்லை. திறந்த புண்ணோடு வாரக் கணக்கில் கிடப்பவர், நாற்றத்துக்குக் கூசுகிறார், செலவுக்குக் கூசுகிறார், பிறருக்குப் பாரமாகிவிட்டோம் என்று குன்றிப் போகிறார். கசிவைக் கண்டும் சொல்லாமல் புடவைத் தலைப்பால் மறைத்து நாலு நாள் கடத்துவது இந்தக் கூச்சத்தினால்தான். அந்த நாலு நாளில் சிறு புண் பெரும் புண்ணாகிவிடுகிறது. ஆகையால் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரிடம், "கட்டு நனைந்திருக்கிறதா, பார்க்கட்டுமா?" என்று தினமும் ஒரு முறை முகம் கோணாமல் கேட்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை ஆஸ்பத்திரியிலிருந்து புறப்படுமுன்னரே வீட்டார் தீர்மானித்துக்கொள்வது நலம்.